ஹால் டிக்கெட்டை நிறுத்தலாமா, தவணை கொடுக்கலாமா?

வேலூர், காட்பாடிப் பக்கக் கல்லூரி அலுவலகங்களில் செமஸ்டர் முடிவில், கட்டணப் பாக்கி வைத்திருக்கும் மாணவர்களைப் பற்றி எழும் கேள்வி இது.

வேகம்: ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் தேர்வுக்கு முன்பே கவுண்டரில் கூட்டம் நிற்கும். தவணைப் பணம் மெதுவாகத்தான் வரும்.

வேலை: நிறுத்த ஒரு பட்டியல் போதும். தவணைக்குக் கையெழுத்து, தேதி, ஃபோன், மறுபடி ஃபோன்.

நியாயம்: எல்லைப் பகுதியில் சிக்கலே இங்கேதான். சித்தூரிலிருந்து வந்து படிக்கும் எஸ்சி மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையைத் தமிழ்நாடு தராது, சொந்த மாநிலமான ஆந்திரம்தான் தர வேண்டும். அந்தத் தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. அது வரத் தாமதமானால் அவர் என்ன செய்வார்? தேர்வை இழந்தால் படிப்பும் போகும், பாக்கியும் வராது.

(அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அதைத் தடுத்துவிட்டது.)

உதவித்தொகைக்குக் காத்திருப்பவருக்குத் தவணைதான் சரி. மாந்தோப்பு வீட்டுப் பிள்ளை என்றால் கடைசித் தவணையை ஜூலைக்குத் தள்ளுங்கள், அறுவடைப் பணம் வந்திருக்கும். வசதியிருந்தும் இழுத்தடிப்பவருக்கு மட்டும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ஹால் டிக்கெட்டை நிறுத்தலாம்.