இருபதா, ஐந்து சதவீதமா, கெல்லியா? போக்கர் பணத்தைக் காக்கும் மூன்று கணக்குகள்

1998 நவம்பரில் லாஸ் வேகாஸ் மோட்டல் அறை ஒன்றில் ஸ்டூ உங்கர் இறந்து கிடந்தபோது அவரிடம் இருந்தது சுமார் 800 டாலர். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்ற ஆள் அவர். கடைசி வெற்றிக்கான 10,000 டாலர் நுழைவுக் கட்டணம்கூட அவர் கைக்காசு இல்லை, நண்பர் பில்லி பாக்ஸ்டர் கட்டியது. பரிசு 10 லட்சம் டாலர், ஆளுக்குப் பாதி. அடுத்த வருடமே எல்லாம் போய்விட்டது. போதைக்கும் பந்தயத்துக்கும். சீட்டாடத் தெரிவது ஒரு வித்தை, ஆடுகிற காசைக் காப்பாற்றத் தெரிவது வேறு வித்தை.

ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணத்தைப் போக்கர்காரர்கள் பேங்க்ரோல் என்பார்கள். கடைக்காரர் பாஷையில் சொன்னால் முதல். வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அதில் சேராது. அந்த முதலில் எவ்வளவை ஒரு டேபிளில் வைக்கலாம் என்பதற்கு ஆன்லைன் ஆட்டக்காரர்களிடம் மூன்று கணக்குகள் புழங்குகின்றன.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது. எந்த டேபிளில் உட்காருகிறீர்களோ அதன் பை-இன்னைப் போல (உட்காரும்போது டேபிளுக்குக் கொண்டுபோகும் பணம்) 20 மடங்கு கையில் இருக்க வேண்டும். 5 சென்ட், 10 சென்ட் பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயம் வைக்கும் சின்ன, பெரிய பந்தயம்) டேபிள் என்றால் முழு பை-இன் பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு, 10 டாலர், ஆகவே முதல் 200 டாலர். பயந்த சுபாவம் உள்ளவர்கள் 40 வைப்பார்கள். டோர்னமென்ட் ஆடுகிறவர்கள் 100-க்குக் குறைந்தால் உட்காரவே மாட்டார்கள். நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு என்ற ஆட்டத்தில் வறட்சி ரொம்ப நாள் நீடிக்கும்.

20 போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் 100 கைக்கு (சீட்டுப் போட்டு ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு கை) சராசரியாக 5 பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறார், ஏற்ற இறக்கம் (நியம விலக்கம்) 100 கைக்கு 90 பெரிய பிளைண்ட் என்று வையுங்கள். ஆறு பேர் ஆடும் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் இது சாதாரண அளவுதான். 20 பை-இன்னோடு, சின்ன டேபிளுக்கு இறங்காமல் ஒரே டேபிளில் ஆடிக்கொண்டே இருந்தால், எப்போதாவது மொத்தமும் அழிய வாய்ப்பு சுமார் 8.5 சதவீதம். 40 வைத்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. சரி, பரவாயில்லை. ஆனால் அவருடைய நிஜமான வருமானம் 5 இல்லை, 2 தான் என்றால்? 20 பை-இன்னுக்கு அழிவு வாய்ப்பு 37 சதவீதம், 40-க்கு 14. தோற்கிற ஆட்டக்காரருக்கு எத்தனை பை-இன் வைத்தாலும் 100 சதவீதம், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். சும்மா சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி வகைதான். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்தில் (பாட்) தளம் கமிஷன் எடுத்துக்கொள்கிறது அல்லவா?

இரண்டாவது கணக்கு கிறிஸ் ஃபெர்குசனுடையது. 2000-த்தில் உலகப் பட்டம் வென்றவர். 2006-ல் ஃபுல் டில்ட் தளத்தில் சல்லிக்காசு போடாமல், இலவச டோர்னமென்ட்களில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினார். சுமார் ஒன்றரை வருடத்தில் சேர்த்தும் காட்டினார். அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதிகள் மூன்று. கேஷ் கேமில் (நிஜப் பணத்தை டேபிளில் வைத்து, நினைத்தபோது எழுந்துபோகக்கூடிய ஆட்டம்) மொத்த முதலில் 5 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு உட்காரக்கூடாது. பெரிய டோர்னமென்ட்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கட்டக்கூடாது. டேபிளில் முன்னால் இருக்கும் பணம் மொத்த முதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால், பிளைண்ட் தன்னிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். மிகச் சின்ன டேபிள்களுக்கு மட்டும் விலக்கு, இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே முடியாது.

5 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றும். ஜெயிக்கும்போது ஒன்றுதான், வித்தியாசம் தோற்கும்போது தெரியும். 200 டாலர் 150 ஆனதும் சதவீதக்காரருக்கு 10 டாலர் டேபிளில் முழுசாக உட்கார அனுமதி இல்லை, இறங்கியே ஆக வேண்டும். இருபது மடங்குக்காரரோ "ஏறும்போது பார்த்தாயிற்று" என்று அதே டேபிளில் மீதி 15 பை-இன்னையும் விடுவார். ஏறுவதற்கு மட்டும் விதி வைத்து இறங்குவதற்கு வைக்காதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபெர்குசனின் மூன்றாவது விதிதான் எனக்கு உறுத்தல். 10 சதவீதத்தைத் தாண்டுவதே பெரும்பாலும் எதிரே ஓர் ஏமாளி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு காசை அள்ளி விடும்போதுதான். அந்த நேரத்தில் எழுந்து போகச் சொல்கிறது விதி. அந்த ஆள் நாளைக்கு வருவாரா? வருமானத்தைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிற விதி அது. ஆனாலும் எழுந்து போகப் பழகியவர் கையில் காசு தங்குகிறது.

மூன்றாவது கணக்கு, கெல்லி சூத்திரம். 1956-ல் பெல் ஆய்வுக்கூடத்து ஜான் கெல்லி எழுதியது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் அதை பிளாக்ஜாக்குக்கும் பிறகு பங்குச் சந்தைக்கும் கொண்டுபோனார். உங்களுக்கு இருக்கும் அனுகூலம் எவ்வளவோ அந்த அளவுக்குப் பணம் போடு, முதல் மிக வேகமாக வளரும் என்பது அதன் சாரம். நம் ஆட்டக்காரருக்குப் போட்டால் 90-ஐ 90-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும்: 1,620 பெரிய பிளைண்ட், அதாவது 16 பை-இன். கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. அந்த 5 எங்கிருந்து வந்தது என்பதுதான் சிக்கல். 10,000 கை ஆடிய பிறகும் நம் சராசரியில் இருக்கும் பிழை கூட்டியும் குறைத்தும் 100 கைக்கு 18 பெரிய பிளைண்ட் வரை போகும். ஒரு டேபிளில் மணிக்கு 75 கை என்றால் 10,000 கைக்கு 130 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு ஆடியும் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்றே தெரியாது! லட்சம் கைக்குப் பிறகும் பிழை 5, 6 இருக்கும். நிஜ வருமானம் 2.5 ஆக இருந்து, 5 என்று நம்பி 16 பை-இன்னோடு ஆடினால், கெல்லி சொல்லும் அளவைப் போல இரண்டு மடங்கு துணிகிறீர்கள். அந்த இடத்தில் வளர்ச்சி பூஜ்யம். ஜெயிக்கத் தெரிந்தவர் வருடக்கணக்கில் ஆடி நின்ற இடத்திலேயே நிற்பார். அதனால் கெல்லியை நம்புகிறவர்களும் பாதிக் கெல்லிதான், அதாவது சூத்திரம் சொல்வதில் பாதித் துணிவோடுதான், ஆடுகிறார்கள். வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைக்கும், ஆட்டம் காண்பது பாதியாகும்.

கணக்கே வேண்டாம் என்று ஏறியவரும் உண்டு. ஸ்வீடன்காரர் விக்டர் பிளோம், இஸில்டுர்1 என்ற பெயரில் 2009 நவம்பரில் உலகின் பெரிய டேபிள்களில் அடித்து ஆடினார். பாட்ரிக் அன்டோனியஸோடு ஒரே கையில் 13.5 லட்சம் டாலர் பாட் போனது அப்போதுதான். டிசம்பரில் பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் ஒரே அமர்வில் விட்டது சுமார் 42 லட்சம் டாலர். வேடிக்கை பார்க்க அவரைவிட சுவாரசியமான ஆள் கிடையாது.

நான் தேர்ந்தெடுப்பது ஃபெர்குசனுடையது. கெல்லி என்னிடம் இல்லாத ஓர் எண்ணைக் கேட்கிறது. சதவீதத்துக்கு முதல் எவ்வளவு என்று தெரிந்தால் போதும், இரவு ஒன்றரை மணிக்கும் அது திரையில் தெரியும்.

அந்த ஒன்றரை மணியைத்தான் எந்தக் கணக்கும் கண்டுகொள்வதில்லை. லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் 400 டாலர் முதலோடு 10 டாலர் டேபிளில் ஒழுங்காக ஆடிவந்தார். ஒரு சனிக்கிழமை ராத்திரி மூன்று பை-இன் போனது. மூன்றாவது, கையில் இரண்டு ஏஸ் வைத்திருந்து கடைசிச் சீட்டில் போனது. விதிப்படி 370 டாலரில் அதே டேபிளில் தாராளமாகத் தொடரலாம். அவர் 100 டாலர் டேபிளைத் திறந்தார். விட்டதைப் பிடிக்க 10 டாலர் டேபிளில் பல மணி நேரம் ஆகும், இங்கே ஒரே கை. விடியும்போது 60 டாலர் இருந்தது. போக்கரில் இதற்கு டில்ட் என்று பெயர். ஒரு நாளைக்கு இரண்டு பை-இன் போனால் மூடிவிடு என்ற ஸ்டாப் லாஸ் விதியைக் கணக்கு தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள், வாழ்நாள் முழுக்க ஒரே ஆட்டம்தானே, இன்று எழுந்தால் என்ன நாளை உட்கார்ந்தால் என்ன என்று. ஆடுவது இயந்திரமாக இருந்தால் அவர்கள் சொல்வது சரி.

தானாக முடியாதவருக்கு வெளியிலிருந்து பூட்டு. பிரிட்டனில் டெபாசிட் வரம்பைக் கூட்டக் கேட்டால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் சூதாடவும் முடியாது. தமிழ்நாடு 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குக் கதவடைத்தது, அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. டில்ட் பிடிக்கிற நேரம் சரியாக அதுதான். ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது, இந்தியாவின் பெரிய தளங்கள் கடையை மூடின. ஆகவே இந்த அலசல் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான்.

அப்புறம், முதலை எங்கே வைப்பது? ஃபெர்குசன் சென்ட் சென்ட்டாகச் சேர்த்த அதே ஃபுல் டில்டின் இணைய முகவரியை 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு முடக்கியது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது 6 கோடி போல என்றது அரசுத் தரப்பு. வழக்கில் பெயர் சேர்க்கப்பட்ட இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர், பின்னால் சமரசமாக முடித்துக்கொண்டார். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குக் காசு திரும்பி வரத் தொடங்கியது 2014-ல்.

லண்டன் நண்பர் இப்போது தளத்தில் நான்கு பை-இன் மட்டும் வைத்திருக்கிறார். மீதி மனைவி பெயரில் உள்ள கணக்கில் கிடக்கிறது. ஓடிபி மனைவியின் போனுக்குத்தான் வரும், அவரோ பத்து மணிக்கே தூங்கிவிடுவார்.