பிஎச்டி சான்ஸ் பார்த்துச் சொல்லும் கன்சல்டன்சி: எம்எஸ்ஸுக்குப் போகலாம், பிஎச்டிக்கு வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து, கோவையில் உள்ள ஒரு கன்சல்டன்சிக்கு மூன்று தடவை போய் வந்தேன். பெயர் வேண்டாம். அமெரிக்காவில் எலெக்ட்ரானிக்ஸ் பிஎச்டி எனக்குக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல 6,000 ரூபாய். அப்பா சொசைட்டியில் பால் ஊற்றி வந்த பணம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கெடு தேதிகள், டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வு, மார்க்‌ஷீட் அனுப்பும் முறை எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். எம்எஸ், அதாவது மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு அது போதும்.

பிஎச்டிக்கு அவர்கள் தந்தது ஒரே ஒரு தாள். பத்து யுனிவர்சிட்டி, பக்கத்தில் சான்ஸ் எப்படி என்று காட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு. காலேஜ் மார்க் சராசரியான சிஜிபிஏ 8.4, ஜிஆர்இ நுழைவுத் தேர்வில் 322, இந்த இரண்டை வைத்துத்தான் நிறம் போட்டிருக்கிறார்கள். பெர்க்லிக்கு மஞ்சள். ஆனால் அங்கே எலெக்ட்ரிகல் துறை ஜிஆர்இ மார்க்கை ஏற்பதே இல்லை, எம்ஐடியில் அதே துறையும் கேட்பதில்லை, அப்புறம் எதை வைத்து மஞ்சள்? இதைவிட மோசம், ரெக்கமண்டேஷன் லெட்டருக்கு "சின்சியர், ஹார்ட்வொர்க்கிங்" என்று அச்சடித்த மாதிரி ஒன்றைக் கொடுத்து, காலேஜ் சாரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். பிஎச்டிக்கு ஆள் எடுப்பது பேராசிரியர்கள். தன் லேபில் ஐந்து வருஷம் வைத்துச் சம்பளம் கொடுக்கப் போகிற பையன் ஆராய்ச்சி செய்வானா என்று அப்ளிகேஷனோடு போகிற மூன்று ரெக்கமண்டேஷன் லெட்டர்களில் தேடுவார்கள்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் கஞ்சிக்கோட்டில், பாலக்காடு ஐஐடியில் பிஎச்டி செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மார்க்கே கேட்கவில்லை. "ப்ராஜெக்ட்ல எது சொதப்புச்சு, ஏன்னு கண்டுபிடிச்சியா?" என்றுதான் கேட்டார். நான் செய்தது பேட்ச் ஆன்டெனா, சர்க்யூட் போர்டு மேலேயே செய்கிற தட்டையான ஆன்டெனா. எஃப்ஆர்4 என்கிற அந்த போர்டின் டைஎலெக்ட்ரிக் மதிப்பை (ஆன்டெனா எந்த அலைவரிசையில் வேலை செய்யும் என்பதை மாற்றுகிற எண்) 4.4 என்று வைத்து சிமுலேட் செய்தேன், போர்டு வந்து அளந்தால் கிராஃபில் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழவேண்டிய பள்ளம், அதாவது ஆன்டெனா வேலை செய்யும் இடம், 2.36-இல் கிடந்தது. திருப்பிக் கணக்குப் போட்டால் போர்டின் மதிப்பு 4.55 என்று வந்தது. ஏன் பிஎச்டி செய்ய வேண்டும் என்று நான் எழுதியிருந்த எஸ்ஓபி கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. அக்கா பென்சிலால் முதல் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, இங்கிருந்து ஆரம்பி என்றார்.

பத்து இடத்துக்கு அப்ளிகேஷன் போடாதே என்றும் சொன்னார், ஸ்டான்ஃபோர்டுக்கு மட்டுமே ஃபீஸ் 125 டாலர். பேராசிரியரின் கடைசி இரண்டு மூன்று வருஷத்துப் பேப்பர்களைப் படித்து, அவர் லேபில் புதுசாக ஆள் சேர்கிறார்களா என்று பார்த்து நான்கு இடம் போதும். கூடவே இங்கே நடக்கிற கேட் (GATE) தேர்வையும் எழுதச் சொன்னார், ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும், நம் ஐஐடிகளுக்கும் போடலாம்.

எஸ்ஓபி எழுதித் தர இன்னும் 5,000 கேட்டு கன்சல்டன்சியிலிருந்து போன் வருகிறது. கட்டவில்லை. அந்த அளவுகள் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு போன வாரம் எங்கள் சாரைப் பார்த்தேன். லெட்டரை அவரே எழுதுவதாகச் சொல்லி நோட்டை வாங்கி வைத்திருக்கிறார்.