காற்றடிக்கும் கயாக் படகு: பஞ்சர் கடைக்காரன் கணக்கு

இரண்டு பேர் உட்காரும் காற்றடிக்கும் கயாக். ஆன்லைனில் 17,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் அலுமினியத் துடுப்பு இரண்டு, காற்றடிக்கும் சீட் இரண்டு, கைப்பம்பு, ஒட்டுப் போட இரண்டு துண்டு, தூக்கிப்போக ஒரு பை. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருபவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

பென்னாகரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மாமனார் காடு நாகமரையில், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து நிற்கும் கரையோரம். ஓட்டுவது அங்கேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் அருமையாக நிற்கிறது. நானும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து, நடுவில் பையனையும் வைத்துக்கொண்டு போனால்கூடப் பக்கவாட்டில் ஆடுவதில்லை. மடித்தால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்து ஏரியூர் வழியாகக் கொண்டுபோய்விடலாம். படகுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் நாலு ஸ்டார் தருவேன்.

ஆனால் 17,000 என்பது வெறும் படகின் விலை. லைஃப் ஜாக்கெட் அதில் வராது. நல்லதாக மூன்று வாங்க 4,500 ஆனது. மலிவாக வருகிறதே என்று வெறும் தெர்மாகோல் அடைத்ததை வாங்காதீர்கள், மிச்சம் பிடிக்கிற செலவு இது இல்லை. கயிறு, போனுக்குத் தண்ணீர் புகாத பை, கரையில் விரிக்கத் தார்ப்பாய், பிவிசி பசை என்று இன்னொரு 2,500. ஆக, தண்ணீரில் கால் வைக்கும் முன்பே 24,000.

அப்புறம் முள். கோடையில் தண்ணீர் இறங்கினதும் அணைப் படுகையில் கம்பு, எள் என்று விதைக்கிறார்கள். விதைக்காத இடமெல்லாம் சீமைக் கருவேலம். தண்ணீர் திரும்ப ஏறும்போது அந்த முள் அப்படியே அடியில் நிற்கும். இது படகுக் கம்பெனியின் குற்றம் இல்லை. ஆனால் நம் பக்கத்து ஏரி, அணை எதுவானாலும் இதுதான் கதை. கரையோரம் ஓட்டாமல், இறங்கும்போதும் ஏறும்போதும் முழங்கால் தண்ணீரில் படகைத் தூக்கிப் பிடித்துப் போங்கள்.

பஞ்சர் ஆனால் என்னைப் போன்றவனிடம் கொண்டுவருவீர்கள். சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் இதில் பிடிக்காது, ஏனென்றால் இது ரப்பர் இல்லை, பிவிசி. அன்றைக்கு ஒட்டினது போலத் தெரியும், வெயிலில் உரிந்து வரும். பிவிசிக்கென்று இருக்கும் பசைதான் வேண்டும். இடத்தை நன்றாகத் துடைத்து, லேசாக உரசி, இரண்டு பக்கமும் பசை தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடம் தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கம்ப்ரசர். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கிறோம். இந்தப் படகுக்குச் சுமார் ஒன்று போதும். தருமபுரியிலிருந்து ஒருவர் தன் படகைக் கொண்டுவந்தார். யாரோ கம்ப்ரசரில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தடுப்பு பிரிந்து, அடிப்பாகம் பலாப்பழம் மாதிரி உப்பியிருந்தது. வெளி ஓட்டை என்றால் ஒட்டலாம், உள் தடுப்பு போனால் படகே போச்சு. திருப்பி அனுப்பிவிட்டேன். பங்குனி வெயிலில் காற்றடித்தபடியே கரையில் போட்டாலும் இதே கதி. காற்று விரியும், தையல் விடும். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரில் விட்டதும் மறுபடி நாலு பம்பு அடியுங்கள்.

வீட்டில் எலி. மடித்த படகை மூட்டையாகப் பரணில் போட்டால் அவ்வளவுதான். தகர டிரம்மில் வைக்கிறேன். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து நாறும். அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்து, காயவைத்து, மடிப்பது தனி வேலை. ஓட்டுகிற நேரத்துக்குச் சமமாக இதற்கும் நேரம் போகிறது, அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

உண்மையான விலை தண்ணீரிடம்தான் இருக்கிறது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. கர்நாடகத்தில் மழை கொட்டி ஆடியில் நிரம்பும் சமயத்தில்தான் காற்றும் பேயாட்டம் ஆடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் காற்றடித்த பிளாஸ்டிக் படகு எம்மாத்திரம். துடுப்புப் போடப் போட அது தன் இஷ்டத்துக்குப் போகும். காற்று அடங்கி மாசி, பங்குனி வரும்போது தண்ணீர் இறங்கியிருக்கும். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 வரை விடுகிறார்களே, அதன் பிறகு மிச்சம் இருப்பதுதான் நமக்கு. கரையிலிருந்து தண்ணீர் வரை சேற்றில் படகைச் சுமந்து நடக்க வேண்டும். படகு என்னுடையதுதான், எப்போது ஓட்டலாம் என்பது என் கையில் இல்லை.

மச்சினனிடம் பரிசல் இருக்கிறது. மூங்கில், சாக்கு, தார். கிழிந்தால் ஒரு சாக்குத் துண்டை வைத்துத் தார் ஊற்றுவான், வேலை முடிந்தது. முள்ளுக்கு என் படகு அளவுக்குப் பயப்படாது. மரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருப்பான், எலியும் சீண்டாது. சுற்றாமல் நேராக ஓட்டத்தான் பழகணும், அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

எப்போதாவது குழந்தைகளைப் படகில் ஏற்றினால் போதும் என்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கிருஷ்ணகிரி அவதானப்பட்டி படகு இல்லத்துக்குப் போய்வாருங்கள். தண்ணீர்க் கரையிலேயே வீடோ காடோ இருப்பவர்கள் வாங்கலாம். இறக்கும் முன் மீன்வளத்துறையிலும் நீர்வளத்துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். வலை போட்டிருக்கும் பக்கம் போகாதீர்கள், அது அவர்களுடைய பிழைப்பு.

மோட்டார் மாட்டலாமா என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவு, சோதனை, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. அந்த அலைச்சலை வைத்துப் பார்த்தால் எனக்குத் துடுப்பே போதும்.

வாங்கும் முன் ஒன்று மட்டும் விற்பவரிடம் கேளுங்கள்: வால்வு மூடி தனியாகக் கிடைக்குமா? என்னுடையது சேற்றில் விழுந்து போனது. எத்தனை மெசேஜ் போட்டும் பதில் இல்லை. அளவு எடுத்து, பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கச்சி மகனிடம் சொல்லி வேறு கம்பெனி மூடி வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். 180 ரூபாய், காற்று கசியவில்லை.