முகாமுக்கு நெக்ரோனி: வீட்டில் கலந்து கொண்டுபோவதா, அங்கே போய்க் கலப்பதா?

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் நண்பர்கள் நால்வர் இரண்டு முறை கூடாரமிட்டுத் தங்கினோம். முதல் முறை மதுப்புட்டிகள், பானத்தைக் குலுக்கிக் கலக்கும் ஷேக்கர், அளவுக் கிண்ணம், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ஐஸ் என எல்லாவற்றையும் சுமந்துபோய் அங்கேயே காக்டெயில் கலந்தோம். அடுத்த முறை, ஜின் சேர்த்த கசப்பும் இனிப்புமான காக்டெயிலான நெக்ரோனியை வீட்டிலேயே கலந்து குளிரவைத்து, ஒரு லிட்டர் கொள்ளும் எஃகு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டோம். இனி நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியைத்தான்.

சுமை குறையும், கண்ணாடி உடையும் கவலை இல்லை என்பவை எவருக்கும் தெரிந்தவை. என் முடிவைத் தீர்மானித்தது ஐஸ்தான்.

காக்டெயிலில் ஐஸுக்கு இரண்டு வேலைகள் உண்டு: குளிர்விப்பது ஒன்று, நீர் சேர்ப்பது மற்றொன்று. ஐஸ் உருகும்போதுதான் பானத்திலிருந்து பெருமளவு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது என்பதால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. ஐஸோடு சேர்த்துக் கலக்கும்போது பானத்தின் அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை நீர் சேர்வதும், அந்த நீரால் மதுவின் காரம் தணிவதும் செய்முறையின் ஒரு பகுதியே. வீட்டு உறைபெட்டியிலிருந்து எடுத்த, மேலே ஈரமில்லாத ஐஸ்கட்டிகளில் இது கணக்காக நடக்கும். முகாமிலோ, மதியம் முழுவதும் ஐஸ் பெட்டியில் கிடந்து பாதி உருகி, மேலெல்லாம் நீர் படிந்த கட்டிகளே கைக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் பானம் குளிர்வதற்கு முன்பே நீர்த்துவிடுகிறது. அதோடு, கோழியிறைச்சிப் பொட்டலம் கிடக்கும் ஐஸைக் குடிக்கும் பானத்தில் போடவே கூடாது என்பதால் தனி ஐஸ், தனிப் பெட்டி வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியைத் திறக்கத் திறக்க அதுவும் விரைந்து கரைந்தது. முதல் இரவின் மூன்றாவது சுற்றில் எங்களிடம் எஞ்சியிருந்தது குளிர்ந்த நீர் மட்டுமே.

வீட்டில் கலக்கும்போது அந்த நீரை நாமே அளந்து ஊற்றிவிடலாம். எட்டுக் கோப்பைகளுக்கு ஜின், கம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை மணமூட்டிய ஒயின்) ஆகியவற்றில் தலா 240 மி.லி. சேர்த்தால் 720 மி.லி. வரும், அதில் நான்கில் ஒரு பங்காக 180 மி.லி. குடிநீர் சேர்த்தால் மொத்தம் 900 மி.லி. இதை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, புறப்படும் முன் ஃபிளாஸ்க்கில் ஐஸ் நீரை நிரப்பிச் சிறிது நேரம் குளிரவைத்து, அதைக் கொட்டிவிட்டுக் கலவையை ஊற்ற வேண்டும். அன்று இரவு கடைசிக் கோப்பை வரை குளிர்ச்சி நின்றது. இரண்டாம் நாளுக்கு அது தாங்குமா என்று நான் சோதித்ததில்லை. அப்படித் தங்குவதானால் ஃபிளாஸ்க்கை உணவு வைக்கும் ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைப்பேன். பானத்துக்கென்று ஐஸ் தேவைப்படாததால், அந்தப் பெட்டியில் நீர் நிரப்பி உறையவைத்த புட்டிகளை அடுக்கினோம். அவை உதிரிக் கட்டிகளைவிட மெதுவாக உருகின, மறுநாள் குடிநீராகவும் பயன்பட்டன.

யோசெமிட்டியில் கரடிகளுக்காக, உணவு, பானம், குப்பை, சோப்பு உட்பட மணமுள்ள எதையும் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். பாகு ஒட்டிய ஷேக்கரையும் பிழிந்த எலுமிச்சைத் தோலையும் இருட்டில் தேடி எடுத்து வைப்பதைவிட, ஒரு ஃபிளாஸ்க்கையும், கோப்பையில் தோல் சீவிப் போடுவதற்கான ஓர் ஆரஞ்சையும் வைப்பது எளிது.

எலுமிச்சைச் சாறு சேரும் டைக்கிரி (ரம் காக்டெயில்) போன்றவற்றில் மட்டும் முகாமில் கலக்கும் வழியே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். பிழிந்த சாற்றின் புத்துணர்வு சில மணி நேரத்தில் மங்கிவிடும். அதைக் குலுக்குவதற்கும் நல்ல ஐஸ் வேண்டும். கூடாரத்துக்கு அருகிலேயே ஐஸ் வாங்கக் கிடைக்கும் இடமாக இருந்தால், அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. முதுகுப்பையுடன் பல மைல் நடந்து செல்லும் பயணங்களில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், இந்த முடிவை வண்டி நிற்கும் இடத்திலேயே கூடாரமிடுவோருக்கு மட்டுமே சொல்கிறேன்.

நான் விரும்பும் வழியிலும் கவனம் தேவை. இந்தக் கலவையில் ஆல்கஹால் சுமார் 21 சதவீதம். நிறமோ பழச்சாற்றைப் போன்ற சிவப்பு. ஆகவே ஃபிளாஸ்க்கின் மேல் பெரிய எழுத்தில் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் உடன் வந்தால் இது கட்டாயம். கலிபோர்னியாவில் முத்திரை உடைந்த மதுப்புட்டியைப் பயணிகள் அமரும் பகுதியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது குற்றம். வீட்டில் நிரப்பிய ஃபிளாஸ்க்கையும் அப்படியே கருதி, போகும்போதும் திரும்பும்போதும் காரின் பின்பெட்டியில் வையுங்கள்.