தோட்டா: வீட்டிலேயே அடைப்பதா, கடையில் வாங்குவதா?

தோட்டா அடைக்கும் எந்திரம், பேர் பிரஸ். கைப்பிடியை ஒரு இழு இழுத்தால் ஒரு தோட்டா விழுகிறது. அமெரிக்காக்காரர் போடும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒரு பிரஸ் வாங்கிப் போட்டா என்ன மாமா?" என்று கேட்கிறவர்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கமும் இருக்கிறார்கள். பயிர்க்காவலுக்கு 12 போர் (சிறு குண்டுகள் சிதறும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள்.

முதலில் சட்டம். துப்பாக்கி வைத்திருக்கத் தரும் லைசென்ஸ் வேறு, தோட்டா தயாரிக்கத் தரும் லைசென்ஸ் வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின்படி தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் எந்திரமுமே தோட்டா கணக்கில்தான் வரும். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. எனக்கு இதோடு பேச்சு முடிந்தது. ஆனாலும் "காசு மிச்சமாமே" என்பவர்களுக்காக மேலே சொல்கிறேன்.

மிச்சம் உண்மைதான், ரைஃபிளில். அதன் தோட்டாவில் விலை கூடிய பாகம் பெரும்பாலும் பித்தளைக் கூடு. சுட்ட கூட்டை எடுத்து, பழைய ப்ரைமரை (ஊசி அடித்ததும் தீப்பற்றும் சின்ன மூடி) தட்டிவிட்டு, அளவுக்குப் பிடித்து, புது ப்ரைமர், வெடிமருந்து, குண்டு வைத்தால் மறுபடி தோட்டா. ஆயிரக்கணக்கில் சுடுகிறவருக்குப் பிரஸ் போட்ட காசு திரும்பும். நம்மூரில் வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அதை வைத்துப் பார்த்தால் காசு திரும்புவதற்குள் பிரஸ் துருப்பிடித்துவிடும். சாதாரண 12 போரில் அமெரிக்காவிலேயே பெரிய மிச்சம் கிடையாது. சின்ன .22 தோட்டாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ப்ரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு ஏன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடைக்கிறார்கள்? குறிக்காக. ஒரு துப்பாக்கியில் சுட்ட கூடு, அதில் தோட்டா உட்காரும் அறையின் வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். அதையே திரும்ப அடைத்து, மருந்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுத்து (ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்), குண்டு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதையும் தானே வைத்தால் 300, 500 மீட்டரில் பலன் தெரியும். வரப்போரத்தில் முப்பதடியில் பன்றியை விரட்டுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியும் அப்படித்தான். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஆட்டம் அது. தகுதிச் சுற்றுக்கே 125 தட்டு, ஒரு தோட்டாவில் ஈயம் 24 கிராம்தான் வரம்பு. அங்கே ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு ஃபேக்டரித் தோட்டாவே போதும்.

கை தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து இரண்டு முறை விழுந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். விழாமலே போனால் இன்னும் மோசம். "டப்"பென்று சின்னச் சத்தம், குண்டு குழலுக்குள்ளேயே நிற்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

கடைத் தோட்டாவிலும் தொல்லை உண்டு. திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தும், நம் 12 போர் தோட்டா பெரும்பாலும் புனே பக்கத்துக் கட்கித் தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும். கடையில் "சரக்கு வரல" என்பார்கள். ஐப்பசி அடைமழையில் காகிதக்கூடு ஊறிப் பருத்துவிடும். கட்டைவிரலால் எவ்வளவு அமுக்கினாலும் பாதியில் நிற்கும். பிளாஸ்டிக் கூடாகக் கேட்டு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

நாட்டுத் துப்பாக்கிக்காரருக்கு மட்டும் வேறு வழியே இல்லை. மருந்து, நார், பால்ரஸ் (சின்ன இரும்புக் குண்டு) எல்லாம் குழல் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் கெட்டித்து, தீப்பொறி தரும் கேப் வைத்தாக வேண்டும். அவரிடம் கேட்டுப் பாருங்கள், ரெட்டைக்குழலுக்கு லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்றுதான் விசாரிப்பார்.