பட்டறைத் துண்டா, பழைய கதவா, கட்டு விறகா? சாம்பலைக் கொண்டு ஓர் அலசல்

2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்று கால் கடுத்த நாட்களில், இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்புற அடுப்படிக்கு மறுபிறப்புக் கிடைத்தது. சிலிண்டர் பிறகு வந்துவிட்டது. ஆனாலும் சோற்றுப் பானையும் மீன் ஆணமும் விறகடுப்பை விட்டு இறங்க மறுக்கின்றன. எங்களிடம் இருப்பது அனகி அடுப்பு. களிமண்ணால் செய்தது, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானைக்கு எரியும். அந்த வாய்க்கு என்ன தீனி போடுவது என்பதில்தான் வீட்டில் தினமும் வழக்கு.

கைக்கெட்டும் தூரத்தில் நான்கு வழிகள் இருந்தன. தெருமுனை ஓடாவியின் பட்டறையில் மூட்டை மூட்டையாகக் குவியும் துண்டுப் பலகைகள். 1978 சூறாவளிக்குப் பிறகு கட்டிய பெரியம்மாவின் வீட்டை இடித்தபோது கழற்றிய கதவுகளும் யன்னல்களும். கடையில் விற்கும் கட்டு விறகு. வளவில் விழும் தென்னம் மட்டை, பொச்சு, சிரட்டை. முதல் இரண்டும் இலவசம், நன்றாகக் காய்ந்தவை, கோடரி எடுக்கும் வேலையும் குறைவு. அம்மாவின் வாக்கு அவற்றுக்கே. மரம் என்றால் எல்லாம் மரம்தானே என்பது அவருடைய வாதம்.

இந்தக் கேள்விக்கு மேலை நாடுகளில் சொல்லப்படும் பதில்கள், குளிர்காய மூடிய இரும்பு அடுப்பும் உயரமான புகைபோக்கியும் வைத்திருப்பவர்களுக்கானவை. எங்கள் அடுப்படியில் புகையின் கணிசமான பங்கு சமைப்பவரின் முகத்துக்கே வருகிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் சாம்பல் குப்பைக்குப் போவதே இல்லை. பானை துலக்கச் சாம்பல், மீன் கழுவும்போது கை வழுக்காமல் பிடிக்கச் சாம்பல், கீரைப் பாத்திக்குச் சாம்பல், கத்தரி இலையில் பூச்சிக்குத் தூவச் சாம்பல். அடுப்பில் போடுவது இரண்டு வாரத்தில் சுற்றி வந்து தட்டில் ஏறுகிறது. ஆகவே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது: இந்த மரத்தின் சாம்பலைப் பானையில் தேய்க்க மனம் வருமா?

ஓடாவியின் மூட்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் நல்ல பக்கம் மிக நல்லது. முதிரை, தேக்கு, வேம்பு என்று இழைத்த மரத்தின் வெட்டுத் துண்டுகளை விடச் சுத்தமான விறகு கிடைப்பது அரிது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராக இருக்கும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு புகையாமல் எரியும். தளபாடம் செய்யும் மரம் முன்பே உலர்ந்திருப்பதால் ஒரு கீற்றுப் பன்னாடையிலேயே பற்றிக்கொள்கிறது. குறை என்னவென்றால், விரல் தடிப்புள்ள துண்டுகள் குபீரென்று எரிந்து ஐந்து நிமிடத்தில் கரியாகிவிடும். சோறு பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் இதைப் புரிந்துகொண்டோம். கூடவே ஒரு தடித்த கொள்ளி வைத்தால் சரியாகிறது.

சிக்கல் என்னவென்றால், அதே மூட்டைக்குள்தான் பிளைவுட், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எப், மெலமைன் ஒட்டிய அலுமாரிப் பலகை எல்லாம் கிடக்கின்றன. இவை மரம் என்பதைவிட மரமும் பசையும் சேர்ந்த கலவை என்பதே சரி. அந்தப் பசைகளில் பெரும்பாலானவை போர்மல்டிகைட்டை வைத்துச் செய்யப்படுபவை. போர்மல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வகைப்படுத்தியது. கண் எரியும் அந்தக் கூர்மையான நெடியை ஒரு முறை முகர்ந்தவருக்கு இன்னொரு விளக்கம் வேண்டாம். வெட்டுமுகத்தில் அடுக்கு அடுக்காகவோ, அப்பியது போல மாவாகவோ தெரிந்தால் அது அடுப்புக்கு இல்லை.

ரப்பர் மரத் துண்டு இதைவிடத் தந்திரமானது. பார்க்கப் பால் நிறத்தில் அப்பாவியாக இருக்கும். அந்த மரத்துக்குப் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதால், அறுத்தவுடன் போரோன் உப்புக் கரைசலில் ஊற வைப்பது வழக்கம். எரித்தால் போரோனில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். பயிருக்குப் போரோன் துளியளவு தேவை, கொஞ்சம் கூடினாலே இலை நுனி கருகும். பாத்திக்குச் சாம்பல் போடுபவர்கள் இதை ஒதுக்குவதே நல்லது.

ஓடாவி தன் வீட்டு அடுப்புக்கு எதை எடுத்துப் போகிறார் என்று கேட்டேன். முதிரைத் துண்டுகளும் தேக்குச் சீவலும் தனியே குவித்திருந்த ஒரு மூலையைக் காட்டிச் சிரித்தார். மூட்டை ஊருக்கு, மூலை வீட்டுக்கு! அதற்கு மேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை. துண்டைவிட மரத்தூளை நான் இன்னும் சந்தேகிக்கிறேன். தகரத்தில் தூளை இறுக்கி நடுவில் துளைவிட்டு எரிக்கும் மரத்தூள் அடுப்பு மணிக்கணக்கில் நின்று எரியும், உண்மைதான். ஆனால் துண்டைப் பார்த்துப் பொறுக்கலாம். வாளின் கீழே விழுந்த தூளில் எது தேக்கு, எது எம்.டி.எப் என்று யார் பிரிப்பது?

இனி பெரியம்மாவின் கதவுகள். அம்மாவுடன் உண்மையான சண்டை இங்கேதான் நடந்தது. நாற்பது ஆண்டு காய்ந்த முதிரை, கைக்குக் கனமாக, தட்டினால் மணி போல ஒலிக்கும். அதன் மேல் பச்சை, அதன் கீழ் நீலம், அதற்கும் கீழ் ஒரு மண்ணிற எனாமல். இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2010களில்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஈயம் நெருப்பில் அழியாது. ஒரு பங்கு புகையோடு ஏறும், மீதி சாம்பலில் இறங்கும். குழந்தைகளின் மூளையைப் பாதிப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெயின்ற்றைச் சுரண்டிவிட்டு எரிக்கலாமே என்றார் அம்மா. சுரண்டினால் அதே ஈயம் தூசியாக முற்றத்தில் கிடக்கும். தவழ்கிற பேரன் அங்கேதான் விளையாடுகிறான்.

கூரையிலிருந்து இறக்கிய வளைகளில் பெயின்ற் இல்லை. ஆனால் கறையானுக்காகப் பூசிய சோலிக்னமும் வாகனத்திலிருந்து வடித்த பழைய ஒயிலும் ஊறியிருந்தன. கருமையும் பிசுபிசுப்பும் காட்டிக்கொடுத்துவிடும். ரயில்வே சிலிப்பர் கட்டையும் பழைய தொலைபேசிக் கம்பமும் இதே இனம். அவற்றில் ஊறியிருப்பது தாரிலிருந்து எடுத்த கிரியோசோட். எல்லாவற்றிலும் மோசமானது, செம்பு, குரோமியம், ஆசெனிக் மூன்றும் அழுத்தி ஏற்றிய மரம். புதிதில் இலேசான பச்சை நிறம், வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இதைத் தயாரிப்பது 2003 முடிவோடு நிறுத்தப்பட்டது. எரித்தால் ஆசெனிக் சாம்பலில் செறிந்து நிற்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பாண் போறணைகளில் இதே மரம் எரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நெருப்பை மூட்டி, சூடேறியதும் தணலை வழித்து, அதே தளத்தில்தானே மாவை வைக்கிறார்கள்.

கடைச்சரக்கு வந்திறங்கும் பலகைத் தட்டுகளை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம்: கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் எச்.டி (HT) என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்றது, எம்.பி (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்னும் நச்சு வாயு ஏற்றியது, முத்திரையே இல்லாமல் கிருமிநாசினிக் கடைப் பக்கத்தில் கிடந்தால் தொடவே வேண்டாம். கடல் ஒதுக்கிய கட்டைகளும் உடைந்த வள்ளப் பலகைகளும் நீலமும் பச்சையுமாக அழகாக எரியும். உப்பிலுள்ள குளோரினால் புகையில் டயொக்சின் என்னும் நச்சு உண்டாகும், அந்த உப்பு இரும்பு அடுப்பையும் அரிக்கும். அழகுக்கு ஆசைப்பட்டு ஒரு மாலை நானும் எரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

கட்டு விறகு இவற்றோடு ஒப்பிட்டால் மாசற்றது, ஆனால் மார்கழி மழையில் வாங்கினால் பாதி காசு தண்ணீருக்கு. எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதும் தெரியாது. வாவிக் கரையில் வெட்டிய கண்டல் கலந்திருந்தால் அது சட்டப்படி குற்றம். அதிலும் தில்லை இருந்தால், அதன் பால் பார்வையையே பறிக்கக்கூடியது, புகையும் கண்ணை வதைக்கும். இயற்கை மரம் என்பதாலேயே எதுவும் சாது ஆகிவிடுவதில்லை. முந்திரிக் கொட்டைத் தோடும் அப்படித்தான், எண்ணெய்ப் புகை தோலைப் புண்ணாக்கும்.

தென்னைதான் என் தேர்வு. சிரட்டை வெப்பத்தில் எந்தத் துண்டுப் பலகைக்கும் குறைந்ததல்ல. பொச்சு புகையும், ஆனால் தணலை மணிக்கணக்கில் காக்கும், சாம்பலில் பொட்டாசியம் நிறைய. வளவுச் சரக்கு போதாத வாரங்களில் ஓடாவியின் பட்டறைக்கு வெறும் சாக்கோடு போய், மூட்டையைத் தூக்காமல் குந்தியிருந்து கையால் பொறுக்குகிறேன். ஆணியையும் அங்கேயே பிடுங்கிவிட வேண்டும். சாம்பலோடு பாத்திக்குப் போன ஆணி ஒன்று அம்மாவின் காலில் ஏறியது.

கதவுகளை எரிக்கவில்லை. பெயின்ற் உரியாமல் இருந்த ஒன்றைக் கிணற்றடிக் குளியலறைக்கு மாட்டினோம். மற்றவை கொட்டிலில் சாய்ந்து நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா ஒரு தட்டுத் தட்டி, அந்த மணியோசையைக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்.