இடது கைக்கு எது பொருந்தும்? தோளில் மாட்டும் கீபோர்டுகள் ஓர் அலசல்

கீபோர்டுக் கலைஞர் ஸ்டீபன் தேவஸி மேடையில் கீடாரோடு, அதாவது கிட்டார் போலத் தோளில் மாட்டும் கீபோர்டோடு, நடமாடி வாசிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் வேலூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களிலும் சர்ச் பாடகர் குழுக்களிலும் நிறையவே உண்டு. வாங்கலாம் என்று முடிவானதும் முதலில் வரும் கேள்வி, "சவுண்டு எப்படி?" நம் பார்வையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டாண்டில் ஏற்கெனவே இருக்கிற கீபோர்டு நல்ல சவுண்டு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தோளில் மாட்டியதும் மாறுவது இடது கையின் வேலை.

ஸ்டாண்டில் வாசிக்கும்போது இடது கை கார்டு பிடிக்கும், பேஸ் போடும், எப்போதாவது சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தொடும். கீடாரில் அது கட்டைகளை விட்டு முழுதாக விலகி, கருவியின் கழுத்தை, அதாவது நீண்ட கைப்பிடியை, பிடித்துக்கொள்கிறது. சுருதி வளைப்பது, மாடுலேஷன் (சுரத்துக்கு அதிர்வு சேர்ப்பது), ஸ்தாயி மாற்றுவது, டோன் மாற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு. நடமாடுகிறவர் காலில் பெடல் வைத்து மிதிக்க முடியாது என்பதால் சஸ்டெயினும் (விரலை எடுத்த பிறகும் சுரத்தை நீட்டுவது) கட்டைவிரலுக்கு வந்துவிடுகிறது. ஆகவே, எந்த மாடலின் கழுத்து உங்கள் இடது கைக்கு ஒத்துவருகிறது என்பதை வைத்துத்தான் தேர்வு.

பொதுவாகப் பேசப்படும் மாடல்கள் நான்கு: ரோலண்ட் ஏஎக்ஸ்-எட்ஜ், கோர்க் ஆர்கே-100எஸ் 2, யமஹா எஸ்ஹெச்எஸ்-500, அலெசிஸ் வோர்டெக்ஸ் வயர்லெஸ் 2. யமஹாவில் எஸ்ஹெச்எஸ்-300 என்ற தம்பியும் உண்டு. விலையில் எல்லாவற்றுக்கும் கீழே. உச்சியில் ரோலண்ட். இடையில் இருப்பவற்றின் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

சக்கரமா, பட்டையா

நம் பாட்டுக்கு இதுதான் உயிர். கமகம் இல்லாமல் கீடாரில் மெலடி வாசித்தால் பள்ளி ஆண்டு விழா மாதிரிதான் இருக்கும்.

யமஹா எஸ்ஹெச்எஸ்-500இன் கழுத்தில் பிட்ச் பெண்ட் சக்கரமும் மாடுலேஷன் சக்கரமும் இருக்கின்றன. விட்டவுடன் பிட்ச் சக்கரம் ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பும். கட்டைவிரலுக்கு நடு எங்கே என்று எப்போதும் தெரியும். ஸ்டாண்ட் கீபோர்டில் பழகியவர்கள் அரை மணி நேரத்தில் கைவசப்படுத்திவிடுவார்கள்.

ரோலண்டில் சுருதிக்கு ரிப்பன் பட்டை, மாடுலேஷனுக்கு அழுத்தும் பார். கோர்க்கில் சக்கரமே கிடையாது. கழுத்தில் ஒரு குட்டைப் பட்டை, கட்டைகளுக்குக் கீழே உடம்பின் நீளத்துக்கு ஒரு நீளப் பட்டை. பட்டையின் பலம் நீண்ட ஜாரு. விரலை இழுத்தால் வயலின் போல வழுக்கும். பலவீனம், நடுவைக் காட்டும் தடை எதுவும் விரலுக்குக் கிடைக்காது. நடுவை விட்டு அரை அங்குலம் தள்ளித் தொட்டால் சுருதி அங்கேயே தாவி நிற்கும். விரலை எடுத்ததும் சட்டென்று திரும்பும். கேட்பவருக்கு அது அபசுரம். கடையில் சோதிக்கும்போது பட்டையின் வெவ்வேறு இடங்களில் விரலை வைத்து எடுத்துப் பாருங்கள். தாவல் உங்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தால் சக்கரம் உள்ள மாடலுக்குப் போய்விடுவது நல்லது. இன்னொன்று: மே மாதத்து வேலூரில் இரவு ஒன்பது மணிக்கும் விரல் வியர்க்கும். வியர்த்த விரல் பட்டையில் வழுக்காது, ஒட்டும், பிறகு குதிக்கும். பட்டை உள்ள கருவியை எடுக்கிறவர் இடுப்பில் ஒரு பருத்தித் துண்டு செருகிக்கொள்ளட்டும்.

அலெசிஸின் கழுத்தில் சக்கரமும் தொடுபட்டையும் இருக்கின்றன. கருவியைச் சாய்த்தால் அதையே ஒரு கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளும் உணரியும் உண்டு. கழுத்தை உயர்த்தினால் டோனைப் பளிச்சென்று ஆக்கும் ஃபில்டர் திறக்கும்படி வைத்துக்கொண்டால் பார்க்கப் பிரமாதம். ஆனால் ரசிகருக்குக் கும்பிடு போடக் குனிந்தாலும் ஃபில்டர் ஆடும். பழகும் வரை அணைத்து வைப்பதே உத்தமம்.

எந்த மாடலானாலும் முதலில் பெண்ட் எல்லையை, அதாவது முழுதாகத் தள்ளினால் சுருதி எவ்வளவு வளையும் என்பதை, சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்று வைத்தே அனுப்புகிறார்கள். கமகத்துக்கு அதுவே போதும். ஒரு கட்டை சுருதியில் தோடி வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ உங்கள் சி கட்டை என்றால் காந்தாரம் இ ஃபிளாட். அதை அழுத்திப் பிடித்தபடி சக்கரத்தை முழுதாக மேலே தள்ளினால் எஃப், அதாவது மத்யமம். அந்த இரண்டுக்கும் நடுவே ஆட்டம் சக்கரத்தின் முழு ஓட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. எல்லையைப் பன்னிரண்டு என்று வைத்துவிட்டால் சக்கரத்தின் ஆறில் ஒரு பங்கு நகர்விலேயே இரண்டு அரைச்சுரம் போய்விடும்; அவ்வளவு நுணுக்கமாக எந்தக் கட்டைவிரலும் நிற்காது. நீண்ட ஜாருக்குத் தனி டோன் ஒன்றைப் பன்னிரண்டோடு சேமித்து வையுங்கள்.

பெண்ட், அழுத்தியிருக்கும் எல்லாக் கட்டைகளையும் சேர்த்தே வளைக்கும். அதனால் கமகம் வரும் இடத்தில் ஒற்றைச் சுரம் மட்டும். மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்கள் அறுபடாமல் தொடர்வது) உள்ள லீடு அல்லது குழல் டோன் எடுங்கள். பியானோ டோனை வளைத்தால் போலி என்று ஊருக்கே தெரியும். கார்டை ஸ்டாண்டில் இருக்கும் இன்னொரு கீபோர்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு கீபோர்டு உள்ள குழுவுக்குக் கீடார் இப்போதைக்கு வேண்டாம்.

கட்டைகளும் எடையும்

ரோலண்ட் மட்டுமே 49 கட்டை, முழு அளவு. அலெசிஸ் 37, அதுவும் முழு அளவு. தொட்டபின் அழுத்துவதையும் உணரும். கோர்க்கும் யமஹாவும் 37 சிறு கட்டைகள். முழு அளவில் பழகிய கை சிறு கட்டைக்கு வந்தால் எட்டாம் சுரத்துக்குத் தாவும்போது ஒன்பதாம் சுரத்தில் விழும். இரண்டு வாரத்தில் சரியாகும், ஆனால் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது மறுபடி தடுமாறும். இரண்டையும் ஒரே கச்சேரியில் மாற்றி மாற்றி வாசிப்பவர் முழு அளவையே எடுக்க வேண்டும்.

37 கட்டை என்றால் மூன்று ஸ்தாயி. திரைப்பாட்டு மெலடிக்குப் போதும். ஸ்தாயிப் பொத்தானை இடது கை நடுவே தட்டப் பழக வேண்டும், அவ்வளவுதான். பாடகருக்கு ஐந்தரைக் கட்டை, பாடகிக்கு வேறு என்று பாட்டுக்குப் பாட்டு மாறும்போது சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் எவ்வளவு எளிதில் எட்டுகிறது என்பதையும் பாருங்கள். மெனுவுக்குள் நாலு படி இறங்கித்தான் மாற்ற வேண்டும் என்றால் அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள் முடியாது.

எடையில் வித்தியாசம் பெரிது. யமஹா எஸ்ஹெச்எஸ்-500 ஒன்றரைக் கிலோ. ரோலண்ட் நான்கு கிலோவைச் சுற்றி. கோர்க் ரோலண்டைவிட இலகு, யமஹாவைவிடக் கனம். 1980இல் வந்த மூக் லிபரேஷன் ஆறு கிலோவைத் தாண்டியது. அதை நினைத்தால் எல்லாமே பஞ்சு என்று சொல்லலாம், ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரியில் நான்கு கிலோ ஒரே தோளில் தொங்குவது கழுத்து நரம்புக்குத் தெரியும்.

இங்கே நம் ஊருக்கு ஒரு வசதி. கருவியோடு வரும் ஸ்ட்ராப் பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர் நைலான். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை செய்பவரிடம் தோளில் படும் இடம் எட்டு சென்டிமீட்டர் அகலம் வருமாறு தைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் சொரசொரப்பான தோல் இருக்கட்டும். வழவழப்பானது சட்டையில் வழுக்கும். கொக்கியைச் சேர்த்து 110 முதல் 140 சென்டிமீட்டர் வரை நீளம் மாற்றும்படி துளைகள். கருவியில் இருக்கும் ஸ்ட்ராப் பின் (குமிழ்) நுழையும் துளை அந்தப் பின்னின் கழுத்தைவிடச் சிறிதாக இருந்து, ஒரு கீறலோடு விரிய வேண்டும். வட்டமாகப் பெரிதாகத் துளைத்தால் மேடையில் கழன்று விழும்.

சவுண்டு, இப்போது

ரோலண்டில் ஒரே நேரத்தில் நான்கு டோன்களை அடுக்கலாம், மைக் செருகிப் பேச்சையே சுரமாக்கும் வோகோடர் வாசிக்கலாம், பிராஸ், லீடு, ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் மேடைக்குத் தயார். கோர்க் ஆர்கே-100எஸ் 2, அதே கம்பெனியின் மைக்ரோகோர்க் எக்ஸ்எல் பிளஸ் என்ற சிந்தசைசர் வழி வந்தது: லீடுக்கும் பேஸுக்கும் காரம் அதிகம், நாதஸ்வரம், வீணை மாதிரியான நம் டோன்களை அதில் தேட வேண்டாம். ஒரே நேரத்தில் எட்டுச் சுரம்தான் ஒலிக்கும் என்ற எல்லையும் உண்டு. யமஹா எஸ்ஹெச்எஸ்-500இன் முப்பது டோன்கள் சுத்தமானவை, ஆனால் எண்ணிக்கையில் அவ்வளவே. சின்ன ஸ்பீக்கர் உள்ளேயே இருப்பதால் வீட்டில் பழக வேறெதுவும் வேண்டாம். மற்ற மூன்று கம்பெனி மாடல்களிலும் இந்த வசதி இல்லை. எந்தக் கட்டையைத் தொட்டாலும் பாட்டின் கார்டுக்குள் விழச் செய்யும் ஜாம் வசதி குழந்தைகளுக்கு நல்லது. வாசிக்கத் தெரிந்தவர் அதை அணைத்துவிடுவார்.

அலெசிஸ் தானாக ஒரு சத்தமும் போடாது. கணினி, ஐபேட் அல்லது மிடி (எந்தச் சுரம், எவ்வளவு பலம் என்று சொல்லும் செய்தி) வாங்கும் இன்னொரு கீபோர்டு வேண்டும். ஸ்டாண்டில் ஏற்கெனவே நல்ல கீபோர்டு வைத்திருப்பவருக்கு இதைவிட லாபம் எதுவும் இல்லை: அந்தக் கீபோர்டின் டோன்களையே தோளிலிருந்து வாசிக்கலாம். அந்தக் கீபோர்டில் வட்ட ஐந்து முனை மிடி இன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி மட்டும் உள்ள கீபோர்டோடு நேரடியாகப் பேசாது, நடுவில் கணினி வேண்டும். அலெசிஸோடு வரும் கம்பியில்லா யூஎஸ்பி முனையும் கணினிக்கானதே.

மலிவு ஆண்ட்ராய்டு ஃபோனை நம்பாதீர்கள். விரலுக்கும் சத்தத்துக்கும் இடையே தாமதம் வரும். வேகச் சரளியில் விரல் ஓட, சுரம் பின்னால் நொண்டும். இங்கே பலர் குழப்பிக்கொள்வது: புளூடூத் மிடி வேறு, புளூடூத் ஸ்பீக்கர் வேறு. முதலாவது சுரச் செய்தியை மட்டும் அனுப்புகிறது, பயன்படுத்தலாம். இரண்டாவது ஒலியையே சுருக்கி அனுப்புகிறது. அதில் வாசிக்கவே முடியாது.

மேடையில் காலை வாருவது

ஒயர்தான் முதலில் அறுந்து மானத்தை வாங்கும். ஜாக்கை நேராகச் செருகாதீர்கள். ஒயரை ஸ்ட்ராப்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சுற்று விட்டுப் பிறகு செருகுங்கள்; யாராவது மிதித்தால் இழுவை ஸ்ட்ராப்பில் விழும், துளை பிழைக்கும். யமஹாவில் ஒலி வெளியேறுவது சிறு முனையில் என்பதால் இது இரட்டிப்பு அவசியம். அந்தச் சிறு முனையைப் பெரிய ஜாக்காக மாற்றும் கட்டி அடாப்டரை நேரே செருகினால் அதன் எடையே துளையை ஆட்டிவிடும். ஒரு சாண் நெகிழ்வு ஒயர் உள்ள அடாப்டரே சரி. மேடையில் ஆறு மீட்டர் ஒயர் போட்டு ஒரு டிஐ பாக்ஸில் (கருவியின் ஒலியை மைக் ஒயருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) முடித்து, அங்கிருந்து மிக்ஸருக்கு எவ்வளவு தூரமானாலும் மைக் ஒயரில் போகலாம். கம்பியில்லாக் கிட்டார் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால், மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் கூட்டத்தில் எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கும்போது விட்டுவிட்டு வரலாம். சாயங்கால சவுண்டு செக்கில் நன்றாக இருந்து, கூட்டம் நிறைந்ததும் மக்கர் பண்ணுவது இதனால்தான். உதிரியாக ஓர் ஒயர் பையில் இருக்கட்டும்.

கோயில் திருவிழாக்களில் ஜெனரேட்டர் ஓடும். எர்த் சரியில்லாத ஜெனரேட்டரில் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் "ங்ங்ங்" என்று உறுமல். அலெசிஸ் வழியில் போகிறவர் பாட்டு நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் பேட்டரியிலேயே ஓட்டட்டும்.

பேட்டரிக் கணக்கு: ரோலண்டுக்கு ஏஏ அளவு எட்டு, கோர்க்குக்கும் யமஹா எஸ்ஹெச்எஸ்-500க்கும் ஆறு, அலெசிஸுக்கு நான்கு. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவு கார்பன் செல் வேண்டாம். சுமை தாங்காமல் மின்னழுத்தம் சரிந்து, பாட்டு நடுவே கருவி அணைந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள் இரண்டு தொகுதி வாங்கி, ஒரு தொகுதியை ஒன்றாகவே சார்ஜ் செய்து ஒன்றாகவே பயன்படுத்துங்கள். அதில் ஒன்று சோர்ந்தாலும் மொத்தமும் சோரும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட் என்பதால் சில கருவிகளில் எந்த வகை என்று மெனுவில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும். ரோலண்டில் ரீசார்ஜ் செல் நான்கு மணி நேரம் போல வரும். இடைவேளையில் மாற்றிவிடுங்கள்.

ஸ்டாண்ட் கீபோர்டையே மாட்டினால்?

ஐந்தாவது வழியாக இதை யோசிக்காதவர் இல்லை. 61 கட்டை கீபோர்டின் அடியில் ஸ்க்ரூ போட்டு ஸ்ட்ராப் மாட்டுவது. செய்யாதீர்கள். உள்ளே வெற்றிடம், வெளியே மெல்லிய பிளாஸ்டிக். ஸ்க்ரூ இழுபட்டுப் பிய்ந்து வரும், நீளமான ஸ்க்ரூ உள்ளே இருக்கும் போர்டைத் துளைக்கும். எல்லாம் தாங்கினாலும் கழுத்து இல்லை. இடது கை சக்கரத்தையும் பார்க்க வேண்டும், எடையையும் தாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

தொடங்கும் மாதம்

உயரம் முதலில். வலது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். தொடைவரை இறக்கி மாட்டினால் ஸ்டைல்தான். மணிக்கட்டு வளைந்து அரை மணியில் வலிக்கும். முதல் வாரம் ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மேலிருந்து குனிந்து பார்க்காமல் கட்டை தெரியாது, குனிந்தால் கருவி சாயும். ஆகவே கறுப்புக் கட்டைகளின் இரண்டு, மூன்று என்ற கூட்டத்தைத் தடவி ஸ எங்கே என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலம், கண்ணை மூடி. முதலில் இடது கை கழுத்தில் சும்மா இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு வரிசையின் கடைசிச் சுரத்தையும் கீழ்ச் சுரத்திலிருந்து வளைத்துப் பிடியுங்கள். வளைத்த சுரமும், அதே சுரத்தைக் கட்டையிலேயே அழுத்தினால் வருவதும் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் வரை.

பழைய கருவி வாங்குகிறவருக்கு: சந்தையில் வருவது பெரும்பாலும் ரோலண்ட் ஏஎக்ஸ்-7, ஏஎக்ஸ்-சிந்த். முதலாவது 45 கட்டை, வெறும் கட்டுப்பாட்டுக் கருவி, தனியாகச் சத்தம் வராது. இரண்டாவது 49 கட்டை, உள்ளேயே டோன்கள். பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை, வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் பலமாகவும் ஒருமுறை. மெதுவாகத் தொட்டாலும் பலமாகவே கத்தும் கட்டை என்றால் அடியில் தொடுபுள்ளி தேய்ந்திருக்கிறது. பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேய்த்து, நடுவில் சுருதி திக்காமல் போகிறதா கேளுங்கள். ஸ்ட்ராப் பின்னை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.